அழித்த கோப்பு அழிந்ததா?

கல்லூரியின் வரவுப் பதிவேடும், தேர்ச்சி அறிக்கைகளும், பழைய மாணவர் பெயர்ப்பட்டியலும், விழாக்களின் ஒளிப்படங்களும் ஒரு காலத்தில் அலமாரிகளிலே காக்கப்பட்டன. இன்று அவற்றுட் பெரும்பகுதி கணினியின் வன்தட்டிலே தங்கியுள்ளது. அலமாரி ஏட்டைக் கறையான் அரித்துத் தீர்க்கப் பல நாட் செல்லும். வன்தட்டிலுள்ள கோப்பை நீக்குதற்கோ ஒரு விரலசைவே போதும். அங்ஙனம் தவறுதலாக நீக்கப்பட்டவற்றை மீட்டல் கூடுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நூல்நிலையம் ஒன்றை உவமையாகக் கொள்வோம். பட்டியலில் ஒரு நூலின் பெயரை வெட்டிவிட்டால், அந்நூல் அலமாரியை விட்டு அகன்றுவிடுவதில்லை. பட்டியலை நோக்கித் தேடுவோர் அதனைக் காணார், அவ்வளவே. அவ்விடத்தை வெற்றிடமெனக் கருதி வேறொரு நூலை வைக்கும்பொழுதே பழைய நூல் இடமிழக்கும். வன்தட்டின் இயல்பும் இதுவே. விண்டோஸ் கணினிகளிற் பெரிதும் வழங்கும் என்.டி.எப்.எஸ். முறையிலே ஒவ்வொரு கோப்புக்கும் தலைமைப் பட்டியலில் ஒரு பதிவு உண்டு. கோப்பை முற்றாக நீக்கும்பொழுது அப்பதிவு வழக்கற்றதெனவும், கோப்பு இருந்த இடம் வெற்றிடமெனவும் குறிக்கப்படும். உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. இவ்வியல்பைப் பயன்படுத்தி, நீக்கிய கோப்புகளை மீட்கும் மென்பொருளைப் பீற்றர் நோட்டன் என்னும் அமெரிக்கர் 1982 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

ஆகவே, கோப்பொன்று காணாமற் போனால் நாம் செய்யவேண்டுவது யாது? முதலில் ‘ரீசைக்கிள் பின்’ எனப்படும் தொட்டியைப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலான கோப்புகள் அங்கேயே கிடைத்துவிடும். அங்கு இல்லையாயின், அவ்வன்தட்டில் எதனையும் எழுதாது நிறுத்துவதே தலையாய கடமையாகும். நாம் வாளாவிருப்பினும் கணினி தானாகவே பலவற்றை எழுதிக்கொண்டிருக்கும். ஆதலின் கணினியை நிறுத்தி, வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து ஆராய்தல் நன்று. மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவுதல், தேடும் நூலின் இடத்திலேயே வேறு நூல்களை அடுக்குவதை ஒக்கும். மீட்டவற்றையும் பிறிதொரு தட்டிலேயே சேமித்தல் வேண்டும்.

இப்பணிக்கு றெக்குவா, போட்டோறெக் முதலிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. போட்டோறெக் பட்டியலை நம்பாது, கோப்புகளின் தொடக்கக் குறிகளைக் கண்டு உள்ளடக்கத்தைத் தேடும். ஆதலாற் பழைய பெயர்கள் பெரும்பாலும் கிட்டா. வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஓசை எழுமாயின் அது பொறியின் பழுதாதல் கூடும். அந்நிலையில் மென்பொருளை நாடாது, மின்னைத் துண்டித்து, வல்லுநரிடம் ஒப்படைத்தலே தக்கது.

இக்காலக் கணினிகளிற் பல, சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனும் சேமிப்பகத்தைக் கொண்டுள்ளன. இவற்றில் ‘ட்ரிம்’ என்னும் கட்டளை, நீக்கிய கோப்பின் இடம் இனித் தேவையில்லை என்பதைச் சேமிப்பகத்துக்கு அறிவிக்கும். அது அவ்விடத்தைத் தானே துடைத்துவிடும். 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் இவ்வேற்பாடு உண்டு. எனவே, பழைய வன்தட்டில் இருந்த மீட்சி வாய்ப்பு இவற்றிற் பெரிதும் அருகிவிட்டது.

இந்நிலையில் உறுதியான காவல் படியெடுத்து வைத்தலேயாம். 1998 இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்திலே, தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் ‘டோய் ஸ்டோரி 2’ என்னும் திரைப்படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் படிகளும் பழுதுற்றிருந்தமை அப்பொழுதே தெரியவந்தது. மகப்பேற்றின் பின் வீட்டிலிருந்து பணியாற்றிய கலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் கணினியில் இருந்த படியே அப்படத்தைக் காத்தது. படம் 1999 இல் வெளிவந்தது. படியிருந்தும் அதனைச் சோதியாதிருத்தல், படியில்லாமைக்கு ஒப்பாகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

மாணவர்களே, பழைய மாணவ அன்பர்களே! அரிய கோப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனித்தட்டில், ஒன்று வேறோர் இல்லத்தில். தவணைக்கு ஒருமுறையேனும் அவற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும். இவ்விழாவின் ஒளிப்படங்களை அடுத்த விழாமலரின் ஆசிரியர் தேடுவார். அவர் வெறுங்கையராய் மீளாதவாறு இன்றே அவற்றைக் காப்போமாக.