முதுமையும் மருந்துப் பெருக்கமும்



விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றனர் நம் முன்னோர். காய்ச்சலும் வயிற்றோட்டமுமே பெரும் பிணிகளாயிருந்த காலத்துக்கு அம்மொழி பொருந்திற்று. இன்று முதியோரைப் பற்றி நிற்பன நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், மூட்டுவாதம் போன்ற நாட்பட்ட நோய்கள். இவற்றுட் பலவற்றுக்கு ஆயுள் முழுதும் மருந்து வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் 60 வயதை எட்டியவர்கள். அவர்களுள் உடல் தளர்ந்தோரிடம் பல மருந்துகள் ஒருங்கு சேரும்போது விளையும் தீங்கினை இன்று ஆராய்வோம்.

ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளை ஒருவர் நாள்தோறும் உட்கொள்வதைப் பன்மருந்துப் பயன்பாடு என்பது வழக்கம். எண்ணிக்கை மட்டுமே குற்றமாகாது. சிலருக்கு அவை யாவும் இன்றியமையாதனவாகலாம். எனினும் இரண்டு மருந்துகளிடையே ஓர் இணையே உண்டு, ஐந்தாயின் 10 இணைகள், பத்தாயின் 45. ஒவ்வோர் இணையிலும் ஒன்று மற்றொன்றின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு.

முதுமையில் உடலும் மாறுகிறது. சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் குன்றுவதால் மருந்துகள் பல வெளியேறாது தங்குகின்றன. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு மிகுவதால், டயசிப்பாம் போன்ற உறக்க மருந்துகள் நெடுநேரம் நிலைக்கின்றன. இளைஞருக்கு ஓரிரவு உறக்கம் தரும் குளிசை, முதியவரை மறுநாள் பகலிலும் தள்ளாடச் செய்யும்.

கல்முனைக்கு மேற்கே, வயல் சூழ்ந்த சவளக்கடையில் வாழும் எழுபத்தைந்து வயது விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் இரத்த அழுத்தத்துக்காக அரசினர் வைத்தியசாலைக் கிளினிக்கில் அம்லோடிபின், எனலாபிரில் என்னும் இரு குளிசைகளைப் பெறுகிறார். அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தை உண்டாக்கும். வீங்கிய காலைக் காட்டி மாலையில் வேறொரு வைத்தியரிடம் செல்கிறார். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. சிறுநீரைப் பெருக்கும் பியூரோசமைட் கிடைக்கிறது. இனி இரவில் பன்முறை எழ வேண்டும். எழும்போது தலை சுற்றும். முழங்கால் நோவுக்கு மருந்துக்கடையில் டைக்குளோபினாக் வாங்குகிறார். எனலாபிரில், பியூரோசமைட், டைக்குளோபினாக் ஆகிய மூன்றும் கூடினால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும். அதற்கு முன்னரே, இருளில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அவர் படுக்கையில் வீழ்ந்துவிடலாம். ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயெனக் கொண்டு மறுமருந்து கொடுத்ததே இத்தனைக்கும் வித்து.

ஒரே மருந்து இரு பெயர்களில் வருவதும் உண்டு. கடையில் வாங்கும் பனடோலும் வைத்தியசாலை தரும் பரசிற்றமோலும் ஒன்றே. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அது கலந்துள்ளது. அளவு மிகுந்தால் ஈரல் கெடும். மருந்துகளை வியாபாரப் பெயராலன்றிப் பொதுப் பெயரால் வழங்க வேண்டுமென்று வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. பொதுப் பெயரை அறிந்திருப்பது நோயாளிக்கும் ஒரு காவலாகும்.

வீட்டு மருந்தையும் மறத்தலாகாது. அதிமதுரத்தை மிகுதியாக நெடுநாள் அருந்தினால் இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியச் சத்துக் குறையும். தடிமனுக்கும் அரிப்புக்கும் வாங்கும் குளோர்பெனிரமின், முதியோருக்கு மனக்குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் தரவல்லது. முதியோருக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியலொன்றை 1991இல் மார்க் பியர்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் வெளியிட்டார். இத்தகைய மருந்துகளை அப்பட்டியலின் பிந்திய பதிப்புகளும் எச்சரிக்கின்றன.

நோன்பு மாதத்தில் இவ்வெச்சரிக்கை இருமடங்காக வேண்டும். கிளிபென்கிளமைட் அல்லது இன்சுலின் பெறுவோர் பகல் முழுதும் உண்ணாதிருப்பின், இரத்தத்திற் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மருந்தைத் தாமே சஹருக்கும் நோன்பு திறக்கும் வேளைக்குமாகப் பங்கிடாது, மாதம் பிறக்குமுன் வைத்தியரைக் காணவேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையும் நினைவிலிருக்கட்டும். மாரி வெள்ளம் கிட்டங்கிப் பாதையை மூடும் நாட்களை எண்ணி, மருந்து தீருமுன் அடுத்த தவணைக்கு வழிசெய்வதும் நன்று. அயலவரின் குளிசை நமக்கு மருந்தாகாது.

அப்படியாயின் மருந்துகளை நிறுத்திவிடலாமா? கூடாது. அட்டினோலோல் போன்றவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சுநோவு மூளக்கூடும். குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் பொறுப்பு. அவருக்கு முழு விவரத்தையும் அளிப்பது குடும்பத்தாரின் பொறுப்பு. கிளினிக் குளிசை, கடைக் குளிசை, பரியாரியார் தந்த சூரணம், கண் மருந்து யாவற்றையும் ஒரே பையிலிட்டுக் கொப்பியோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் எந்நோய்க்கு, எவ்வளவு காலத்துக்கு என்று வினவுங்கள். புதிதாகத் தலைச்சுற்றோ மறதியோ வீழ்ச்சியோ நேர்ந்தால், முதுமையின் மேற் பழி போடாது, அண்மையில் எம்மருந்து சேர்ந்தது என்று பாருங்கள்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் தீங்கற்ற மருந்துப் பயன்பாடு என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோது, பன்மருந்துப் பயன்பாட்டை அதன் முதன்மையான மூன்று துறைகளுள் ஒன்றாக வைத்தது. அவ்வியக்கத்தின் பயன் நம் வீடுகளை எட்டவேண்டுமாயின், முதியோரின் மருந்துகள் அனைத்தையும் ஒருவரேனும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.