பழைய சுவரும் ஜிப்சம் போர்டும்: ஒட்டு தெரியாமல் சேர்ப்பது எப்படி?

ஹார்டுவேர், பெயிண்ட், கட்டுமானப் பொருள் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் பலருக்கும் பழகிப்போன புகார் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பழைய வீட்டில் ஒரு வாசலை அடைத்து ஜிப்சம் போர்டு வைத்திருப்பார். அல்லது கடையின் பின்பகுதியைத் தடுத்து அறையாக்கியிருப்பார். வேலை முடிந்த அன்று சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பழைய சுவரும் புதுப் போர்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு விழும். வேலை செய்த ஆள் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார். வாடிக்கையாளர் நேரே கடைக்கு வந்து, "நீங்க கொடுத்த பட்டி சரியில்லை" என்பார். கணக்கில் நிற்கும் பாக்கி அதோடு நின்றுவிடும். குற்றம் பட்டியில் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜிப்சம் போர்டு என்பது இரண்டு கனத்த காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்து அழுத்திய பலகை. 1894ஆம் ஆண்டு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் இதற்கு முன்னோடியான பலகைக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் இதற்கு ஐ.எஸ். 2095 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. நம் கடைகளில் அதிகம் போவது 12.5 மி.மீ. கனம். பழைய செங்கல் சுவர் கனமானது. ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் மெல்லச் சூடேறும். போர்டோ தகரச் சட்டத்தில் திருகி நிற்கும் இலேசான பொருள். கதவை அறைந்து சாத்தினாலே சற்று அதிரும். இப்படி இரண்டு குணமுள்ள பொருள்களை வெறும் பட்டியால் ஒட்டினால், எது முதலில் அசைந்தாலும் பட்டிதான் பிளக்கும்.

நம் கடற்கரைப் பகுதியில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. திருவிடந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். நித்யகல்யாணப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களை நம்பிக் கடைகள் நடக்கும் ஊர். இந்தக் கரையோரத்துப் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் இருக்கிறது. தரையிலிருந்து ஓதம் ஏறும்போது உப்பும் கூடவே ஏறுகிறது. ஈரம் காய்ந்த இடத்தில் உப்புப் படிகமாகிப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். அந்தப் பூச்சின்மேல் எவ்வளவு நல்ல டேப்பை ஒட்டினாலும், பூச்சோடு சேர்ந்தே டேப்பும் உரிந்து வரும். 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் போன்ற புயல்களில் மழை பக்கவாட்டில் அடிக்கும். வெளிச்சுவரில் கீறல் இருந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

ஆகவே போர்டு வாங்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை ஷீட்?" என்பதல்ல, "சுவர் எப்படி இருக்கிறது?" என்பதுதான். ஓர் அடி சதுரப் பாலித்தீன் தாளைப் பழைய சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதை நிறுத்தாமல் போர்டு போடுவது வீண் செலவு. பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பச்சைக் காகிதம் ஒட்டிய போர்டு எல்லாவற்றையும் தாங்கும் என்று நம்மிடையே ஒரு எண்ணம் உண்டு. அது ஈரக்காற்றைத் தாங்குமே தவிர, தண்ணீரைத் தாங்காது. வெளிப்புறச் சுவருக்கு அதை விற்கவே கூடாது. எந்தப் போர்டானாலும் தரையைத் தொடாமல் அரை அங்குலமாவது தூக்கி நிறுத்த வேண்டும்.

இனி ஒட்டு வேலை. அடைத்த வாசலைப் போலப் போர்டும் பழைய சுவரும் ஒரே தளத்தில் வருமானால், போர்டின் முகம் பழைய பூச்சைவிட ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே இருப்பது நல்லது. பள்ளத்தை நிரப்பலாம், மேட்டை மறைப்பது கடினம். ஆறடி நேர்கட்டை ஒன்றை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய சுவரில் ஒட்டிலிருந்து ஓர் அடி அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதென்றால் அது சுண்ணாம்படித்ததோ பழைய டிஸ்டெம்பரோதான். பொடி நீங்கும்வரை தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே மேலே கை வைக்கலாம். இடைவெளியை ஜாயிண்டிங் காம்பவுண்டால் நிரப்பி, அதன்மேல் காகித டேப்பை அழுத்திப் பதிக்க வேண்டும். வலை டேப் ஒட்டுவதற்குச் சுலபம். ஆனால் விரிசலைத் தாங்குவதில் காகித டேப்தான் மேல். செங்கல்லும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் கொத்தனார் கோழிவலை வைத்துப் பூசுகிறாரே, அதே வேலையைத்தான் இங்கே டேப் செய்கிறது.

டேப்பின்மேல் மூன்று கை. முதல் கை நான்கு அங்குலம், அடுத்தது எட்டு, மூன்றாவது ஓர் அடிக்குக் குறையாமல். ஒவ்வொரு கையும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றில் ஒரு நாள் போதாது. அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள். உப்புத்தாள் போடும்போது விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் எல்லாம் தெரியும்.

போர்டுத் தடுப்பு பழைய சுவரில் குறுக்காக வந்து முட்டும் இடம் வேறு கதை. அங்கே ஒட்டு தெரியாமல் செய்ய முயலாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. மூலையில் சிறு இடைவெளி விட்டு, பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலண்டை நிரப்பினால் அது ரப்பர் போல அசைந்து கொடுக்கும், கோடு விழாது. இதற்குச் செலவாவது ஒரு குழாய் சீலண்ட்தான்.

காம்பவுண்டுக்குப் பதிலாக, விலை குறைவு என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அது சில நிமிடங்களில் இறுகி, மொறமொறவென்று ஆகிவிடும்; அசைவைத் தாங்காது. வெள்ளைச் சிமெண்ட் பட்டியும் போர்டின்மேல் நேராகப் போட ஏற்றதல்ல. அதற்குச் சுவரை நனைக்க வேண்டும். போர்டையோ நனைக்கக் கூடாது. போதாக்குறைக்கு, ஈரத்தில் சிமெண்டும் ஜிப்சமும் வினைபுரிந்து உப்பிக்கொள்ளும். திருகாணியும் கவனிக்க வேண்டியது. கறுப்புத் திருகாணி கடற்காற்றில் துருப்பிடித்து, பெயிண்டுக்கு மேல் பழுப்புப் புள்ளியாகத் தலைகாட்டும். நாகப்பூச்சுள்ளதைக் கொடுங்கள்.

பெயிண்டில் ஒரு சூட்சுமம். காகிதம், பட்டி, பழைய பூச்சு மூன்றும் மூன்று விதமாக உறிஞ்சுகின்றன. ஒட்டுப் பகுதிக்கு மட்டும் அடித்தால் அதே டின்னாக இருந்தாலும் திட்டாகத் தெரியும். பிரைமரும் பெயிண்டும் மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவருக்கும் அடிக்கச் சொல்லுங்கள். வண்ண எண்ணையும் டின்னின் பேட்ச் எண்ணையும் பில்லில் எழுதிக் கொடுத்தால், ஒரு லிட்டர் குறைந்து திரும்ப வருகிறவருக்கு அதே நிறம் கொடுக்கலாம்.

கடைசியாக நம் கிடங்கு. காம்பவுண்டுப் பொடி ஈரக்காற்றைக் குடித்தால் கட்டி தட்டும், இறுகும் நேரமும் மாறிவிடும். மூட்டைகளைக் கட்டையின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். போர்டுகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் வளைந்துபோகும். படுக்க வைத்தே அடுக்குங்கள். காகித டேப், சீலண்ட் இரண்டையும் போர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், பில் போடும் பையனுக்கே சேர்த்துக் கொடுக்க நினைவு வரும்.