இருபது நிமிட மழை, மூன்று மணி நேர ஈரம்

கோலார் தங்கவயலின் கடைசி இரயில் நிலையம் மாரிகுப்பம். பங்காரப்பேட்டையில் பிரிந்து வரும் கிளைப்பாதை இங்கே வந்து முடிவடைகிறது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது முதல், பூமிக்கு அடியில் பிழைத்துவந்த இவ்வூர் மக்களுடைய வேலைத்தலம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு மாறிவிட்டது. விடியுமுன்னே எழுந்து, சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் சுரங்க லைன் வீடுகளிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் நிலையத்திற்கு வந்து, வண்டியை நிறுத்திவிட்டு இரயிலேறுகிறவர்கள் அநேகர். ஒயிட்ஃபீல்டிலோ கிருஷ்ணராஜபுரத்திலோ கன்டோன்மென்டிலோ இறங்கி, அங்கே நண்பருடைய வண்டியின் பின்னால் அமர்ந்து வேலையிடத்திற்குப் போகிறவர்களும் உண்டு. நரசாபுரம் தொழிற்பேட்டைக்குச் செல்லும் வாலிபர்களோ முழுத் தூரத்தையும் வண்டியிலேயே கடக்கிறார்கள். குடும்பத்தோடு பெங்களூருக்கே குடிபெயர்ந்துவிட்டவர்களுக்கும் வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு தொல்லை மழை. மழையைக் குறைசொல்லுவது நமக்குத் தகாது. கோலார் மாவட்டம் வறண்ட பூமி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 700 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய ஊரில் மழையை வேண்டாமென்று யார் சொல்லுவார்? ஆனால் இந்த வறட்சியினாலேயே ஒரு தீங்கும் உண்டாகிறது. மழை குறைவான ஊரில் வளர்ந்தவர்கள் நல்ல ரெயின்கோட் வாங்குவதில்லை. "வருஷத்தில் பத்து நாள் பெய்கிற மழைக்கு இவ்வளவு பணமா?" என்பார்கள்.

அவர்கள் வேலை செய்யும் பெங்களூரிலோ மழை இதைவிட அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயிலில் தரை காய்ந்து, சூடேறிய காற்று மேலெழும்பி, மாலை 4 மணிக்குமேல் இடியும் மின்னலுமாய்க் கொட்டுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை விடைபெறும் வேளையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளுகின்றன. அங்கே மிகுதியான மழை பெய்வது அப்பொழுதுதான். இந்த மழைகளில் பெரும்பகுதி, வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில் வருகிறது. ஆகவே காலை 5 மணிக்கு மாரிகுப்பத்து வானத்தைப் பார்த்து, நட்சத்திரம் தெரிகிறதே என்று ரெயின்கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர், தாம் நனையப்போகும் வானத்தைப் பார்க்கவேயில்லை.

நம்முடைய ஊராருக்கே உரிய கணக்கு ஒன்று இருக்கிறது. பெங்களூருக்குள் குடியிருப்பவர் 20 நிமிடம் நனைந்தால், வீட்டிற்குப் போய்த் தலையைத் துவட்டி, உடை மாற்றிச் சூடாக ஏதாகிலும் குடிப்பார். மாரிகுப்பத்துக்காரர் அதே 20 நிமிடம் நனைந்தால், நிலையத்தில் நின்று, நெரிசலில் ஏறி, ஜன்னல் காற்றில் இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் அமர்ந்து, இறங்கி, மறுபடியும் வண்டியோட்டி வீடு சேரவேண்டும். நனைந்தது 20 நிமிடம். ஈரத்தோடு இருந்தது மூன்று மணி நேரம்! தண்ணீர் காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாய்ச் சூட்டைக் கடத்தும். கடல் மட்டத்திற்கு மேலே ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரின் இரவுக் காற்றும் அதோடு சேரும்பொழுது சரீரம் தன் சூட்டை இழந்து நடுங்குகிறது. சளிக்காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமியே என்பது மெய்தான். ஆனாலும் ஆஸ்துமாவினால் அவதிப்படுகிறவர்களுக்கும், சுரங்கத் தூசியால் நுரையீரல் பழுதான முதியவர்களுக்கும் இந்தக் குளிர் இலேசான காரியமல்ல. சுரங்கத்தில் இருந்தவர்களில் சிலர் இந்த வயதிலும் பெங்களூரில் காவலாளியாய் இரவு வேலை பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. அடுத்த நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை.

எந்த ரெயின்கோட்?

தண்ணீர் புகாத துணிக்கு வயது 200 ஆண்டு. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவர் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, 1823இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப்போன அந்த முதல் கோட்டுகள் பின்னாளில் திருந்தின. நம் தேசத்தில் சுரேந்திர மோகன் போஸ் 1920இல் கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனத்தின் "டக்பேக்" கோட்டு, தாத்தாமார் காலத்தில் ஆணியில் தொங்கியதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். தண்ணீரை உள்ளே விடாத துணி வியர்வையையும் வெளியே விடாது. அந்தப் பழைய குறை இன்றைக்கும் முற்றிலும் தீரவில்லை. "நல்ல கோட்டுதான், ஆனாலும் உள்ளே நனைந்துவிட்டேன்" என்று சொல்லுகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் வியர்வையினாலேயே நனைந்தவர்கள். தையற்காரர் கடையில் அளவெடுத்ததுபோல் இறுக்கமாய் வாங்காமல், ஒரு அளவு பெரியதாய், முதுகில் காற்றுப் போக மடிப்புத் திறப்பு உள்ளதாய் வாங்கினால் இது வெகுவாய்க் குறையும்.

மோட்டார் சைக்கிளுக்குச் சட்டையும் பேன்ட்டுமாய் இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட்டே ஏற்றது. தலைவழியாய்ப் போர்த்திக்கொள்ளும் போர்வை போன்ற அங்கி நடந்து போகிறவருக்கு உகந்தது. வண்டியில் அது காற்றில் எழும்பிக் கண்ணை மறைக்கும், பின் சக்கரத்திலும் செயினிலும் சிக்கும். துணியைவிடத் தையலைப் பாருங்கள். தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வாசல். ஆகவே நல்ல கோட்டில் தையலின் உட்புறம் நெடுகப் பட்டையாய் டேப் ஒட்டப்பட்டிருக்கும். வீட்டில் அதை விரித்து, கால் சந்தியில் வரும் தையலின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிச் சற்று நேரம் கழித்து அடியில் தொட்டுப் பாருங்கள். ஓடும் வண்டியில் மழைநீர் மடியிலே குளம்போல் தேங்குகிறபடியால், முதலில் ஒழுகுவது அந்த இடமே. அடுத்தது கழுத்து. சட்டைக் காலருக்கு மேலே ஒரு சிறிய துண்டைச் சுற்றி, அதன் முனைகள் வெளியே நீட்டாதபடி உள்ளே செருகி, அதற்குமேல் ஜிப்பை ஏற்றவேண்டும். முனை வெளியே நீட்டியிருந்தால் அதுவே திரிபோல் தண்ணீரை உறிஞ்சி மார்புக்குக் கொண்டுபோய்விடும். பேன்ட்டின் கால் ஷூவுக்கு மேலே விழவேண்டும். உள்ளே செருகினால் முழங்காலிலிருந்து வழியும் நீரெல்லாம் ஷூவுக்குள் சேரும். கையுறைக்கும் அதே விதி: கோட்டின் கை மேலே, கையுறை உள்ளே.

இவ்வளவும் செய்தும் வீடு சேரும்போது பின்புறம் நனைந்திருக்கிறதா? காரணம் பெரும்பாலும் வண்டியின் சீட். காலை முதல் இரவு வரை நிலையத்து வெளியில் நிற்கும் வண்டியின் சீட் உறையில் ஒரு விரற்கடைக் கிழிசல் இருந்தால் போதும், உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்சு நாளெல்லாம் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்றுபோன இரவிலும் நீங்கள் உட்கார்ந்தவுடன் அது உங்கள்மேல் பிழியப்படும். புதிய சீட் உறை போடுவது பெரிய செலவல்ல. அதுவரைக்கும் ஒரு பாலித்தீன் பையைச் சீட்டின்மேல் மாட்டி நாடாவால் கட்டிவிட்டுப் போங்கள்.

தோள்பையின் மேலே போடும் மழை உறையைமாத்திரம் நம்பவேண்டாம். முதுகுப் பக்கமாய் வழிகிற நீர் அடியில் தேங்கிப் பையை நனைக்கும். பையின் உள்ளே ஒரு கெட்டியான பாலித்தீன் பையை வைத்து, அதற்குள் மாற்றுச் சட்டை, துண்டு, ஒரு ஜோடி காலுறை ஆகியவற்றை வைத்து வாயை முறுக்கிக் கட்டுவதே நிச்சயமான வழி. கைப்பேசியும் காகிதச் சீசன் டிக்கெட்டும் அடையாள அட்டையும் இன்னொரு சிறிய உறையில் இருக்கட்டும். மை கரைந்த சீசன் டிக்கெட்டோடு பரிசோதகரிடம் வழக்காடுவது மழையைவிடக் கஷ்டம். இரயிலேறுமுன் ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்துகொண்டால், மூன்று மணி நேர ஈரம் 20 நிமிடத்தோடு முடிந்துவிடும்.

பாதையின் ஆபத்துகள்

உலர்ந்து போகவேண்டுமென்ற அவசரத்திலே உயிரைப் பணயம் வைக்கிறவர்களைப் பார்க்கிறோம். "நாலு சொட்டு விழுகிறது, அதற்குள் போய்விடலாம்" என்று முறுக்குகிறவர்களுக்குத் தெரியாதது, அந்த முதல் பத்து நிமிடம்தான் சாலை மிகவும் வழுக்கும் என்பதே. உலர்ந்த நாட்களில் சாலையில் சிந்திய எண்ணெயும் தூசியும் முதல் தூறலோடு கலந்து பசைபோலாகின்றன. பலத்த மழை பெய்து அதைக் கழுவிய பிறகே பிடிமானம் சற்றுத் திரும்புகிறது. வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், இரயில்வே கேட்டின் தண்டவாளங்கள் ஆகியவற்றின்மேல் பிரேக் பிடிக்கலாகாது. நம் ஊரிலே சயனைடு மேடுகளிலிருந்து கரைந்து வரும் மாவுபோன்ற சேற்றுக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் மாரிகுப்பம் நிலையத்து வாசலில் நிற்கும் பழைய வண்டிகளைப் பார்த்தால், அநேகருக்கு இன்னும் தங்கள் விரலின் நிதானமே பிரேக்.

பெங்களூரில் மழை வந்தால் மேம்பாலத்தின் அடியில் வண்டிகள் கூட்டமாய் ஒதுங்குவதும், ஒன்றின்பின் ஒன்றாய்ச் சாலையின் பாதியை அடைத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு மழைக் கண்ணாடி வழியே இவர்கள் தெரிவது கடைசி நொடியிலே. ஒதுங்கவேண்டுமானால் சாலையை விட்டு விலகி ஒரு பெட்ரோல் பங்க்கிலோ கடை வாசலிலோ ஒதுங்குங்கள்; மின்னலின்போது மரத்தடி வேண்டாம். நீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் இறங்கவே வேண்டாம். 2023ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். கார் மூழ்கும் தண்ணீரில் மோட்டார் சைக்கிள் என்ன செய்யும்?

தலைக்கவசத்தின் கண்ணாடி மூச்சுப் பட்டு மங்குவதும் பெரிய இடையூறு. இரவு முந்தியே கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு துளி குளியல் சோப்பைத் தேய்த்து, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் பனி படிவது குறையும். ஓடும்போது கண்ணாடியை ஒரு நூலளவு திறந்து வைக்கலாம். கறுப்புக் கண்ணாடி பகல் வெயிலுக்கானது. மழை இரவில் அதைப் போட்டு ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து, கணவர் வண்டியோட்ட, மனைவி பின்னால் ஒரு கையில் குடையும் மறுகையில் குழந்தையுமாய்ப் போவதைக் காணும்போது மனம் பதறுகிறது. எதிர்க்காற்றில் குடை திடீரென்று விரிந்து பின்னே இழுக்கும். பிடித்திருப்பவர் அதை விடுவதற்குள் தானும் விழுந்துவிடுவார். இத்தகைய விபத்துகளினிமித்தம் கேரளத்தில் 2021இல் போக்குவரத்துத் துறை, ஓடும் இருசக்கர வாகனத்தில் குடை பிடிப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. பின்னால் அமருகிறவருக்கும் ஒரு ரெயின்கோட் வாங்குங்கள், சகோதரரே! ஓட்டுகிறவருக்குமாத்திரம் வாங்கி, மனைவிக்குக் குடை போதும் என்கிற குடும்பங்கள் நம் சபைகளில் இல்லாமலில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அதன்மேல் கோட்டு அணியவேண்டும். குழந்தையைத் தகப்பனுடைய கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோவதும் ஆபத்தே. பிள்ளைக்கு மூச்சு முட்டும், தகப்பனுக்குக் கைப்பிடி திருப்ப இடமிராது. பலத்த மழையானால் ஆராதனை முடிந்த பின்பு அரைமணி நேரம் சபையிலேயே இருந்துவிட்டுப் போங்கள். கதவைப் பூட்ட அவசரப்படும் போதகர் எவரும் இருக்கமாட்டார்.

வீடு சேர்ந்தபின்

நனைந்த கோட்டை மடித்துப் பெட்டியில் போட்டால் மூன்றே நாளில் நாற்றமெடுத்து, பூச்சு உரிந்துவிடும். அடுப்பருகே காயப்போட்டாலும் கெடும். இஸ்திரி போடவே கூடாது. லைன் வீடுகளில் இடம் குறைவு என்பது தெரிந்ததே. வாசல் திண்ணைக்கு மேலே ஒரு கம்பி கட்டி, உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் தொங்கவிட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படுக்கப்போகுமுன் ஒருமுறை தாளை மாற்றினால், காலையில் ஈரம் பெரும்பாலும் வற்றியிருக்கும். கால் விரல்களின் இடுக்கை நன்றாய்த் துடைக்காதவர்களுக்குச் சேற்றுப்புண் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது சிறிய புண்ணாய் நின்றுவிடாது. செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் அன்றிரவே முடியட்டும்.

சுரங்கத்தில் இறங்கிய நம் தகப்பன்மார் தலைக்கவசமும் விளக்கும் இல்லாமல் கூண்டில் கால் வைத்ததில்லை. இன்றைக்குக் கீழே என்ன இருக்குமோ என்று யோசித்து அவற்றை எடுத்துப்போகவில்லை. வெயிலோ மழையோ, எல்லா நாளும் எடுத்துப்போனார்கள். ரெயின்கோட்டும் மே முதல் நவம்பர் வரை வண்டியின் பெட்டியிலோ தோள்பையின் அடியிலோ நிரந்தரமாய் இருக்கவேண்டும். காய்ந்ததும் அதை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் வைக்கும் வேலையை வீட்டில் ஒரு பிள்ளையிடம் ஒப்புவித்துவிடுங்கள். அதிகாலை 4 மணி அவசரத்தில் அது எவருக்கும் நினைவுக்கு வராது.