நடந்தே கடந்த நாடு – 5: கொடியில் காயும் சட்டை

பம்ப்லோனா தபால் நிலையத்தில் என் பார்சலை எடை போட்டார்கள். 4 கிலோ 300 கிராம். மூன்று நாளாக அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருந்தேன்.

பிரெஞ்சு எல்லையில் செயின்ட் ஜான் பியே டி போர் என்ற சிற்றூரில் புறப்பட்டதைச் சென்ற வாரம் சொன்னேன். அங்கிருந்து ஸ்பெயினின் மேற்குக் கோடியில் உள்ள சாந்தியாகோவுக்கு ஏறத்தாழ 780 கிலோமீட்டர். புறப்பட்ட அன்று என் பை 11 கிலோ, நான் 64 கிலோ. காமினோ எனப்படும் இந்த நடைபாதையில் பழகியவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான் பை. எனக்கு ஆறரை கிலோ. அந்தக் கணக்கு ஊரிலேயே தெரியும். தெரிந்தும், 'நாம் நடக்காத நடையா' என்று இருந்துவிட்டேன்.

முதல் நாளே பாதை 170 மீட்டர் உயரத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஏறும்போது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். ரோன்செஸ்வால்யெஸ் மடத்தை நோக்கி இறங்கும்போதுதான் பையின் உண்மையான எடை தெரிந்தது. ஒவ்வொரு அடியிலும் அது முழங்காலில் வந்து விழுந்தது. இரவு படுக்கையில் காலை மடக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் சுபிரி என்ற ஊரில் தங்கினேன். நடைப்பயணிகள் தங்கும் விடுதிக்கு அங்கே ஆல்பெர்கே என்று பெயர். ஒரே கூடத்தில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள், பின்புறம் துவைக்கும் தொட்டி, நீளமாய்க் கொடிகள். எனக்கு முன்பே வந்துவிட்ட கொரியப் பெண்மணி ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். துவைத்த சட்டையைத் துண்டில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதித்தார். பிரித்தபோது பாதி ஈரம் துண்டுக்குப் போயிருந்தது. மதியம் 3 மணிக்குக் கொடியில் போட்டதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மடித்து வைத்துவிட்டார். "எத்தனை செட்?" என்று சைகையில் கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. 35 நாள் பயணம் என்றால் 35 நாளுக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஒரு மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் எது காயுமோ, அதைக் கட்டினால் போதும். எத்தனை நாள் நடந்தாலும் மூட்டை அதேதான்.

என் ஜீன்ஸ் முக்கால் கிலோ. துவைத்தால் மறுநாள் மதியம்வரை சொட்டும். தடித்த டர்க்கி டவலும் அப்படியே. இரண்டும் பார்சலுக்குள் போயின. கூடவே இரண்டாவது ஷூ, தடித்த வழிகாட்டிப் புத்தகம், கம்பளிச் சட்டை ஒன்று. டவலுக்குப் பதில், அம்மா கடைசி நேரத்தில் பையில் செருகிய ஈரிழைத் துண்டு வெளியே வந்தது. துவட்ட, போர்த்த, தலையில் கட்ட, துணியைச் சுருட்டி மிதிக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாக இருந்தது. பயணத்துக்கென்றே விலை உயர்ந்த துண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. நம் ஊர்த் துண்டு இருக்கும்போது அவை வேண்டியதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஸ்பெயின் கோடையும் துணி காயத் தோதானது. வடக்கில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகிறது. பெரும்பகுதி கிரீன்விச் ரேகைக்கு மேற்கே இருந்தாலும், அந்த நாடு கடிகாரத்தை ஜெர்மனியோடு சேர்த்து வைத்திருக்கிறது. மாலை வெயில் நீளக் கிடைக்கும். இருட்டுமுன் துணியை எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் பட்ட பாடு வீண். காயாத காலுறையை ஊக்கால் பையின் முதுகில் குத்திக்கொண்டு நடந்தால் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். பையில் நான்கு ஊக்குகள் கட்டாயம்.

எடையைக் குறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் முழுப் பயணத்துக்கும், மருத்துவர் சீட்டோடு இருக்க வேண்டும். பையையும் சேர்த்து மூடும் மழைக்கோட்டு வேண்டும், கடைசி மாநிலமான கலீசியா மழைக்குப் பேர்போனது. பிறகு தண்ணீர். பெரும்பாலான ஊர்களில் குழாய் இருக்கிறது, ஒரு லிட்டர் போதும். ஆனால் காரியோன் ஊரைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது, மர நிழலும் அபூர்வம். அன்று மட்டும் இரண்டு லிட்டர் சுமந்தேன், அந்தக் கூடுதல் ஒரு கிலோ பாரமாகவே தெரியவில்லை. சோப்பு, பற்பசை, காலுறை எல்லாம் வழிக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து வந்த 200 கிராம் பருப்புப்பொடியைப் பார்சலில் போட மனம் வரவில்லை, போடவும் இல்லை. வெறும் சோறு கிடைத்த இரவுகளில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன்.

தபால்துறை அந்தப் பார்சலைச் சாந்தியாகோவில் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தது. நடைப்பயணிகளுக்கென்றே அந்தச் சேவை இருக்கிறது.

நீங்கள் இப்படி ஒரு பயணம் போவதாக இருந்தால், புறப்படுமுன் ஒரு வாரம் வீட்டிலேயே இரண்டு செட் துணியில் இருந்து பாருங்கள். தினமும் மாலையில் கையால் துவைத்துக் கொடியில் போடுங்கள். மறுநாள் காலையில் காயாமல் இருக்கும் துணியைப் பையில் வைக்காதீர்கள்.