முடிவெடுக்கும் மனம்

கடைத்தெருவில் எல்லாக் கடைகளையும் ஏறி இறங்கிய பிறகா நாம் துணி எடுக்கிறோம்? நான்கைந்து கடை பார்ப்போம். மனத்துக்குப் பிடித்ததும் வாங்கிவிடுவோம். நேரமும் விவரமும் குறைவாதலால் ‘இது போதும்’ என்ற அளவிலேயே மனிதன் முடிவெடுக்கிறான் என விளக்கிய அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

துணி தவறினால் நஷ்டம் சிறிது. பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடப்பிரிவு என்பதையும் இப்படியே முடிவு செய்யலாமா? தோழியைப் பிரியும் வருத்தமும் கணக்கு வராது என்ற அச்சமும், விவரம் இல்லாத இடத்தை நிரப்பிவிடுகின்றன. பெற்றோருக்கோ அக்கம்பக்கத்தார் சொல்லே போதுமானதாகிவிடுகிறது.

மனம் கலங்கிய வேளையில் முன்னெடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது என்பது புனித லொயோலா இஞ்ஞாசியாரின் அறிவுரை. கலக்கம் தணியட்டும், ஆசிரியையிடமும், அப்பிரிவில் பயிலும் அக்காமாரிடமும் கேட்டறிவோம். பிறகு செபித்து முடிவெடுப்போம்.