படச்சுருள் அழிந்தாலும் புத்தகம் பேசும்

1931ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். பம்பாயிலிருந்து சென்னைக்கு ஒரு படப்பெட்டி வந்து இறங்கியது. அதைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. பெட்டியின் மீது பூத் தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுவத்தி ஏற்றினார்கள். வால்டாக்ஸ் சாலையில் இருந்த கினிமா சென்ட்ரல் திரையரங்குவரை அந்தப் பெட்டி ஊர்வலமாகப் போனது என்று பழைய திரையுலகப் பதிவுகள் சொல்கின்றன. பெட்டிக்குள் இருந்தது ‘காளிதாஸ்’. தமிழ் பேசிய முதல் படம். எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் டி.பி.ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் அக்டோபர் 31ஆம் தேதி திரைக்கு வந்தது. நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன விநோதமும் அதில் உண்டு.

இன்று யார் நினைத்தாலும் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருந்தும் அது எப்படிப்பட்ட படம், எந்தத் திரையரங்கில் ஓடியது, மக்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் சிலர் அவற்றை எழுதி வைத்ததுதான். சினிமா பற்றிய புத்தகங்களைப் பொழுதுபோக்குக்கு மட்டுமே என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு ‘காளிதாஸ்’ ஒன்றே போதும்.

படங்கள் எப்படி அழிந்தன?

அந்தக் காலத்துப் படச்சுருள்கள் ‘நைட்ரேட்’ என்னும் பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றும். தீப்பிடித்தால் அணைப்பது கடினம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் பக்கத்து நாடுகளில் அவை தாமாகவே பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். சுருளில் கலந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய படங்களை எடைக்குப் போட்டதும் உண்டு. ஓடி முடிந்த படத்தால் இனி வருமானம் இல்லை என்று நினைத்த காலம் அது.

இந்தியாவில் படங்களைப் பாதுகாப்பதற்கென்று தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964ஆம் ஆண்டில்தான். ‘காளிதாஸ்’ வந்து 33 ஆண்டுகள் கழித்து! அதற்குள் பெரும்பாலான மௌனப் படங்களும் தொடக்கக் காலப் பேசும் படங்களும் போய்விட்டன. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் மேலும் பல நைட்ரேட் சுருள்கள் சாம்பலாயின.

எந்தப் புத்தகத்தில் என்ன கிடைக்கும்?

சினிமா வரலாறு என்றதும் எல்லாப் புத்தகங்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பயன் உண்டு.

முதல் வகை, பட்டியல் நூல்கள். இதில் முதலில் நினைவுக்கு வருபவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றி, தமிழ்த் திரையுலகில் அந்த வேலைக்கே முன்னோடியானவர். கணினி இல்லாத காலத்தில் ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் புகைப்படத்தையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்ற அவருடைய பெருநூல், எந்த ஆண்டு எந்தப் படம் வந்தது, யார் நடித்தார்கள், யார் இயக்கினார்கள் என்பதைச் சொல்கிறது. அவருடைய சேகரிப்பைப் பின்னர் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் “அந்தப் படம் எந்த வருஷம்?” என்று வாதாடினால், தீர்ப்புச் சொல்ல இந்த வகை நூல் உதவும்.

இரண்டாவது வகை, சுவையான சம்பவங்களைச் சொல்லும் நூல்கள். வழக்கறிஞரான ராண்டார் கை பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதியவர். 1997இல் வந்த ‘ஸ்டார்லைட் ஸ்டார்பிரைட்’ என்ற ஆங்கில நூலில் தொடக்கக் காலத் தமிழ்ச் சினிமாவின் கதையைச் சொன்னார். படிக்க இனிமையாக இருக்கும்.

மூன்றாவது வகை, ஆய்வு நூல்கள். அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்த சு.தியடோர் பாஸ்கரன் 1981இல் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்ற நூலை எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் நாடகமும் சினிமாவும் என்ன செய்தன என்பதை அது ஆராய்ந்தது. 1996இல் வெளியான அவருடைய ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்’, சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. ‘பாம்பின் கண்’ என்ற பெயரில் அது தமிழிலும் கிடைக்கிறது. திரையில் எம்.ஜி.ஆருக்கு இருந்த பிம்பம் எப்படி அரசியல் பலமாக மாறியது என்று ஆராய்ந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியனின் ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) இதே வகையைச் சேர்ந்தது.

நான்காவது வகை, திரையுலகில் இருந்தவர்களே எழுதிய வாழ்க்கை வரலாறுகள். ஏவி.மெய்யப்பனின் ‘எனது வாழ்க்கை அனுபவங்கள்’, ஆனந்த விகடனில் தொடராக வந்து பின்னர் நூலான எம்.ஜி.ஆரின் ‘நான் ஏன் பிறந்தேன்’ ஆகியவை பலரும் அறிந்தவை. பலர் அறியாத ஒன்றும் உண்டு. எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் எழுதிய ‘ஏ கைட் டு அட்வென்ச்சர்’. தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கியவர் இவர். எம்.ஜி.ஆர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் அறிமுகமான ‘சதிலீலாவதி’ (1936), எம்.எஸ்.சுப்புலட்சுமியின் ‘மீரா’ (1945), கலைஞர் வசனம் எழுதிய ‘மந்திரிகுமாரி’ (1950) எல்லாம் இவர் கைபட்ட படங்கள்.

‘சதிலீலாவதி’ தோட்டப்புற மக்கள் கவனிக்க வேண்டிய படம். கதாநாயகன் ஊரைவிட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். கடல் கடந்து தோட்டத்துக்குப் போன தமிழன் 1936லேயே திரையில் வந்துவிட்டான் என்ற செய்தியும் புத்தகங்களால்தான் நமக்குக் கிடைக்கிறது.

ஒரு படம், ஒரு தடியடி

ஆய்வு நூல்களைப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘தியாகபூமி’ நல்ல உதாரணம். கல்கியின் கதை. கே.சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்தது. கொடுமைப்படுத்திய கணவனோடு திரும்பிப் போக மறுத்து, அவனுக்கே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்லும் பெண் அதில் நாயகி. பிறகு அவள் சுதந்திரப் போராட்டத்தில் இறங்குகிறாள்.

பிரிட்டிஷ் அரசு இந்தப் படத்துக்குத் தடை விதித்தது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி திரையரங்கில் படத்தை இலவசமாகக் காட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. போலீசார் அரங்கத்துக்குள்ளேயே தடியடி நடத்தினார்கள். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு குடும்பக் கதையாகத் தெரியலாம். இந்தச் சம்பவத்தையும் படித்த பிறகு பார்த்தால், அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் துணிச்சலும் சேர்ந்து தெரியும். இந்தப் படத்தின் பிரதி தப்பிப் பிழைத்து புனே காப்பகத்தில் இருப்பது நல்ல காலம்.

இன்னொன்று ‘ஹரிதாஸ்’. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே திரையரங்கில் வெளியாகி, மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெயர் பெற்றது. வெளிவந்த அடுத்த மாதமே கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். நாயகன் சிறையில்; படமோ நிற்காமல் ஓடுகிறது. பின்னர் மேல்முறையீட்டில் 1947இல் அவர் விடுதலையானார். ‘ஹரிதாஸ்’ சென்னையில் வெளியான அந்த நாளில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தன. தமிழ்நாடு பாகவதர் பாட்டில் மயங்கிக் கிடந்தபோது இங்குள்ளவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சினிமா வரலாறு நம் குடும்ப வரலாற்றோடு வந்து சேர்ந்துவிடும்.

எழுதியதெல்லாம் சரியா?

புத்தகத்தில் இருப்பதாலேயே எல்லாம் சரி என்று கொள்ள முடியாது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படமான ‘கீசக வதம்’. அது வெளிவந்த ஆண்டை ஒரு நூல் 1916 என்கிறது, இன்னொன்று 1917 என்கிறது, வேறொன்று 1918 என்கிறது. படமும் இல்லை, முழுமையான ஆவணமும் இல்லை. அதனால் குழப்பம் தீரவில்லை.

ஆகவே படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. எழுதியவர் நேரில் பார்த்தாரா, கேட்டுச் சொல்கிறாரா? சம்பவம் நடந்து எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார்? வேறொரு நூலோ அந்தக் காலத்துப் பத்திரிகையோ அதையே சொல்கிறதா? நடிகர்கள் எழுதும் சுயசரிதையில் தங்களைப் பற்றிய பெருமை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதைப் புரிந்துகொண்டு படித்தால் போதும்.

காட்சி பிறந்த கதை

தமிழுக்கு வெளியேயும் இரண்டு புத்தகங்களைச் சினிமா ரசிகர்கள் தவறவிடக் கூடாது. ஒன்று, பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கை 1962இல் உட்கார வைத்துப் படம் படமாகக் கேள்வி கேட்டு 1966இல் வெளியிட்ட நூல். ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலைக் காட்சி 45 விநாடிதான், ஆனால் அதை எடுக்க ஏழு நாள் பிடித்தது, 70 கோணங்களில் எடுத்தோம் என்று ஹிட்ச்காக் அதில் விளக்குகிறார்.

மற்றொன்று, சத்யஜித் ராயின் ‘அவர் ஃபில்ம்ஸ் தெர் ஃபில்ம்ஸ்’ (1976). ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்த பாட்டை அதில் சொல்கிறார். நாணல் பூத்த வெளியில் முதல் நாள் படப்பிடிப்பு. சில நாள் கழித்து மீதியை எடுக்கப் போனால் பூவெல்லாம் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! மீண்டும் பூக்கும் பருவம்வரை அந்தக் காட்சி காத்திருந்தது.

நம் மண்ணின் சினிமா

மலாய்ச் சினிமாவின் தொடக்கத்திலும் இந்தியர்கள் இருக்கிறார்கள். முதல் மலாய்க் கதைப்படம் என்று சொல்லப்படும் ‘லைலா மஜ்னூன்’ (1934) படத்தை இயக்கியவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ். பி.ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கிய ‘பக்தி’ (1950) படத்தின் இயக்குநர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல்.கிருஷ்ணன். மரியா மெனாடோ நடித்து 1957இல் வந்த ‘பொந்தியானாக்’ பேய்ப்படத்தை இயக்கியவர் கேரளத்தைச் சேர்ந்த பி.என்.ராவ். அந்தப் படமும் இன்று இல்லை. படத்தின் பங்குதாரரே சுருள்களைப் பழைய ஈயக் குட்டையில் வீசிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சிங்கப்பூரின் சினிமா வரலாற்றைச் சொல்லும் ‘லேட்டன்ட் இமேஜஸ்’ (2000) இந்தக் காலத்தைப் பற்றி அறிய நல்ல தொடக்கம்.

இன்னும் எழுதப்படாத பக்கம்

இத்தனை புத்தகங்களிலும் ஒரு பக்கம் காலியாகவே இருக்கிறது. அது தோட்டத்து ரசிகனின் பக்கம். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகள், பாய் விரித்து இடம் பிடித்த பிள்ளைகள், துணிக்குப் பின்னால் உட்கார்ந்து படத்தை இடவலம் மாறிப் பார்த்தவர்கள், மழை வந்ததும் பாதியில் நின்ற படத்தின் முடிவை மறுநாள் பால்மரத்தடியில் கற்பனையாகச் சொல்லி முடித்தவர்கள். இவர்களின் அனுபவமும் சினிமா வரலாறுதான். அந்தத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பார்த்தவர்களுக்கும் வயதாகிவிட்டது.

இதைப் பதிவு செய்யப் பெரிய படிப்பு தேவையில்லை. தாத்தா பாட்டியிடம் நான்கு கேள்வி கேட்டாலே போதும்: முதலில் பார்த்த படம் எது? எந்தத் தோட்டத்தில், எந்தத் தியேட்டரில்? யாரோடு போனீர்கள்? எந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை? கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிந்துகொள்ளலாம். பழைய டிக்கெட், பாட்டுப் புத்தகம் இருந்தால் தூக்கி எறியாமல் படம் எடுத்து வைக்கலாம். ஆண்டு மறந்துபோனால் பட்டியல் நூல்கள் கைகொடுக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் சேர்த்து வைத்துள்ள பழைய நாளிதழ்களில் ‘தமிழ் முரசு’ இதழ்களும் உண்டு. அவற்றின் சினிமா விளம்பரங்களோடு ஒப்பிட்டும் சரிபார்க்கலாம்.

‘காளிதாஸ்’ பெட்டிக்குத் தேங்காய் உடைத்த மனிதரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் உடைத்தார் என்பதை ஒருவர் எழுதி வைத்ததால், 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காலை நேரம் உயிரோடு இருக்கிறது. தோட்டத்துத் திடலில் படம் பார்த்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டால் போதும்.