உங்கள் இடது தோளில் ஒரு தழும்பு... அதற்குப் பின்னால் 'மாறாமல்' காக்கப்படும் ஒரு பாக்டீரியா!

இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். வட்டமாக ஒரு சின்னத் தழும்பு தட்டுப்படுகிறதா? காசநோய்க்கு எதிராகக் குழந்தைப் பருவத்தில் போடப்பட்ட பி.சி.ஜி தடுப்பூசியின் அடையாளம் அது.

அந்த ஊசி வழியே உடலுக்குள் சென்றது, உயிருள்ள பாக்டீரியா. உயிருள்ள எதுவும் காலப்போக்கில் மாறும். அப்படியென்றால், அப்பாவுக்குப் போட்ட அதே பாக்டீரியாதான் இன்று மகளுக்கும் போடப்படுகிறதா?

13 ஆண்டுகள், 230 முறை

பிரான்ஸின் லீல் நகர பாஸ்டர் ஆய்வகத்தில் 1908-ல் இந்தக் கதை தொடங்குகிறது. மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், கால்நடை மருத்துவர் கமீல் கெரின் இருவரும் மாடுகளுக்குக் காசநோய் தரும் பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் அதை வளர்த்தார்கள். சுமார் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய துண்டுக்கு மாற்றினார்கள். நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்!

முதல் உலகப் போரில் லீல் நகரம் ஜெர்மனி வசம் போனபோதும் வேலை நிற்கவில்லை. 230 முறை மாற்றியபிறகு, அந்த பாக்டீரியா நோய் உண்டாக்கும் திறனை இழந்திருந்தது. 1921-ல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முறையாக அது வாய்வழியே கொடுக்கப்பட்டது.

காரணம் என்ன? பாக்டீரியா இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் தன் டி.என்.ஏ-வை நகலெடுக்கிறது. அதில் எப்போதாவது பிழை விழும். உருளைக்கிழங்கில் சொகுசாக வளரும் கிருமிக்கு, நோய் உண்டாக்கும் மரபணுக்கள் தேவையில்லை. அவற்றை இழந்தவையும் நன்றாகவே பெருகின. 'ஆர்.டி.1' என்ற ஒரு துண்டு டி.என்.ஏ முழுவதுமாகக் காணாமல் போயிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

வரமே தலைவலி ஆனது

1924 முதல் இந்த பாக்டீரியா பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. அதை நீண்ட காலம் பத்திரப்படுத்தும் வசதி அன்று இல்லை. எனவே, ஒவ்வோர் ஆய்வகமும் தன் முறைப்படி மாற்றி மாற்றி வளர்த்தது. பிழைகளும் தனித்தனியாகச் சேர்ந்தன.

1927-க்கும் 1931-க்கும் இடையில் பாஸ்டர் ஆய்வகத்திலேயே 'ஆர்.டி.2' என்ற இன்னொரு துண்டும் தொலைந்தது. அதற்கு முன்பே ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் போன பாக்டீரியாவில் அந்தத் துண்டு இன்றும் இருக்கிறது. பின்னர் டென்மார்க்குக்குப் போனதில் இல்லை. எல்லாவற்றுக்கும் பெயர் மட்டும் ஒன்றுதான், பி.சி.ஜி. 1921-ல் இருந்த அசல் இன்று உலகில் எங்குமே இல்லை.

விதைநெல் தத்துவம்

தீர்வு, உறைய வைத்து உலர்த்துவது. பாக்டீரியாவை ஒரு பாதுகாப்புத் திரவத்தில் கலந்து உறைய வைப்பார்கள். பிறகு காற்றில்லா வெற்றிடத்தில் வைத்தால், பனிக்கட்டி தண்ணீராக உருகாமல் நேரடியாக ஆவியாகிவிடும். மிஞ்சும் தூளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, குளிரில் வைப்பார்கள். ஈரம் இல்லாததால் பாக்டீரியா உறக்கத்தில் இருக்கும், பிரியாது. பிரியாவிட்டால் நகலும் இல்லை, நகல் பிழையும் இல்லை.

நம் விவசாயிகள் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பதுபோல, இந்தக் குப்பிகளில் ஒரு பகுதி 'மூல விதை'. அதிலிருந்து தயாரிப்பது 'வேலை விதை'. வேலை விதையிலிருந்துதான் தடுப்பூசி. மூல விதையிலிருந்து 12 முறைக்கு மேல் மாற்றி வளர்த்த பாக்டீரியாவில் தடுப்பூசி தயாரிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1966-ல் விதித்தது. 230 எங்கே, 12 எங்கே!

கிண்டியும் செங்கல்பட்டும்

சென்னை கிண்டியில் 1948-ல் தொடங்கப்பட்ட பி.சி.ஜி ஆய்வகம் பயன்படுத்துவது, 'டேனிஷ் 1331' என்ற ரகம். எந்த ரகம் என்பது ஏன் முக்கியம்? 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சுமார் 2.6 லட்சம் பேரை உட்படுத்திய மாபெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி தடுக்கவில்லை என்ற அதிர்ச்சி முடிவு வந்தது. ஆனால், அதில் டேனிஷ், பிரெஞ்சு என இரண்டு ரகங்கள் பயன்படுத்தப்பட்டிருந்தன. இரண்டிலும் ஒரே முடிவு. எனவே 'இந்த ஒரு ரகம்தான் சரியில்லை' என்று பழிபோட முடியவில்லை. எது என்று தெரிந்த, மாறாத பாக்டீரியா கையில் இருந்தால்தான் இப்படி ஒரு முடிவுக்காவது வர முடியும்.

குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை காசநோய், உடல் முழுவதும் பரவும் காசநோய் ஆகியவற்றிலிருந்து பி.சி.ஜி நல்ல பாதுகாப்பு தருகிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

அடுத்த முறை தடுப்பூசி போடும் இடத்தில் கவனியுங்கள். பி.சி.ஜி தூளாகத்தான் வரும். வெளிச்சம் அதற்கு ஆகாது என்பதால் குப்பி பழுப்பு நிறத்தில் இருக்கும். உப்புநீர் கலந்த நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்; மிச்சத்தை செவிலியர் அப்புறப்படுத்திவிடுவார். 'இவ்வளவு மருந்தை வீணாக்குகிறார்களே' என்று நினைக்காதீர்கள். உங்கள் குழந்தையின் பாதுகாப்புக்குத்தான் அது!